மூன்றாம் பட்டியல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான், என் மனைவி, குட்டி மூவரும் சௌக்கியம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, தண்ணீர்த் தொட்டிப் படியில் இன்னும் நீயேதான் ஏறி இறங்குகிறாயா என்று எழுது. போனில் கேட்டால் "நல்லா இருக்கேன், வை" என்று முடித்துவிடுகிறாய். அத்தான் போனதிலிருந்து உன் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அதனால்தான் பழையபடி கடிதம். காகிதத்தைப் பார்த்து "வை" என்று சொல்ல முடியாதல்லவா?

ஒரு செய்தி. நம் வறண்ட பகுதி முழுவதற்கும் அடுத்த ஐம்பது வருஷத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், எந்த ஊருக்கு எப்போது வரும் என்று ஒரு திட்டம் போடுகிறார்கள். அதில் ஊர்களைத் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. தூரத்து ஆற்றிலிருந்து பெரிய குழாய் வரப்போகிறது. ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் வராது. யார் முன்னே, யார் பின்னே என்பதுதான் கேள்வி. அதற்காக ஊர் ஊராகக் கிணற்று மட்டம் அளக்கிறோம். அடுத்த மாதம் உங்கள் ஊருக்கும் ஆள் வருவார்கள். ஊர்க் கிணறு மூன்றும் உன் பொறுப்பில்தானே இருக்கின்றன, கூட இருந்து காட்டு. முதல் நாள் சாயங்காலம் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். ஒரு ராத்திரி ஊறட்டும், காலையில் அளப்பார்கள்.

ஒன்று மட்டும். நான் உன் தம்பி என்று அவர்களிடம் சொல்லிக்கொள்ளாதே. அந்தப் பகுதியில் சொந்தக்காரர்கள் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுதியிருந்தால் என்னை வேறு பிரிவுக்குத் தூக்கிப் போட்டிருப்பார்கள். நான் எத்தனை வருஷமாகக் கேட்டுக் கிடைத்த வேலை என்று உனக்குத் தெரியும்.

கிணற்றை நல்லபடியாகக் காட்டு, தாயே. பிளாஸ்டிக் பையும் செத்த புறாவும் மிதக்க விட்டுவிடாதே. உன் தம்பியின் மானம் உன் கையில்!

உன் அன்புத் தம்பி

*

ஜனவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம்தான். முழங்கால் இருக்கிறது. படி என்னிடம் இறங்கி வராது, அதனால் நான்தான் ஏறுகிறேன். குட்டிக்கு இருமல் என்று உன் மனைவி சொன்னாளே, நின்றுவிட்டதா? அதைப் பற்றி நீ ஒரு வரி எழுதவில்லை. ஐம்பது வருஷத்துத் தண்ணீரை யோசிப்பவனுக்கு வீட்டு இருமல் கேட்காது போல.

உன் அத்தான் வேலையை எனக்குக் கொடுத்து எட்டு மாதம் ஆகப்போகிறது. விடிந்ததும் மேலத்தெரு வால்வு, அப்புறம் கடைத்தெரு, பள்ளிக்கூடத்தெரு. தொட்டிக்கு அடியிலுள்ள இந்த ஒற்றை அறையும் வேலையோடு சேர்ந்ததுதான், அதனால் வாடகை இல்லை. மேலே தண்ணீர் ஏறும்போது கூரை முழுக்க ஒரு சத்தம் கேட்கும். அவர் கை பட்ட வால்வைத் திருகும்போது ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இரும்பு குளிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான். மரத்துப் போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல நானும் கிள்ளிப் பார்க்கிறேன்.

உன் ஆட்கள் வரட்டும். சோறு போடுகிறேன். நீ யார் என்று சொல்ல மாட்டேன். ஊர்க்காரர்களிடம் மட்டும் நம்ம தம்பி போடுகிற திட்டம் என்று சொன்னேன். முடிவெட்டுகிறவர் பாதிக் கத்தரிப்பில் எழுந்து வந்து, "அப்ப குழாய் நமக்குத்தான் முதல்ல, என்னக்கா?" என்றார். நாற்காலியில் பாதித் தலையோடு உட்கார்ந்திருந்தவரும் தலையாட்டினார். ஊரே வாயை மூடிக்கொள்ளும், பயப்படாதே. தபால்காரர் ஒருவரிடம்தான் சொல்லவில்லை. அவருக்கு ரேடியோ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

மானம் என் கையில் என்று எழுதியிருக்கிறாய். சரி, பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

*

பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். குட்டியின் இருமல் நின்றுவிட்டது, போதுமா?

ஆட்கள் திரும்பி வந்துவிட்டார்கள். மட்டம் அளந்தவர் உன் சமையலைப் பற்றியே அரை மணி நேரம் பேசினார். "அந்த வால்வு அம்மா சிரிக்கவே மாட்டேங்குறாங்க சார், ஆனா தட்டைக் காலியா விட மாட்டேங்குறாங்க" என்றார். நான் யாரோ போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கிணறுகளைப் பற்றி ஒரு சந்தேகம். மூன்றிலும் தண்ணீர் நன்றாக மேலே நிற்கிறது. சுற்றுப்பட்டு ஊர்களில் எங்குமே இப்படி இல்லை. ஒரே ராத்திரியில் இவ்வளவு ஊறினால் அடியில் நல்ல ஊற்று இருக்கிறது என்று அர்த்தம். மழை ஏதாவது பெய்ததா? முதல் நாள் சாயங்காலம்தானே மோட்டாரை நிறுத்தினாய்? சும்மா கேட்டு வைக்கிறேன், எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. உட்கார்ந்து எழுத முடியவில்லை, வேலை என்று இல்லை, சும்மாதான். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள்.

மட்டக்காரர் நல்ல மனிதர். தன் அம்மாவுக்கு என்னைப் போலவே முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு, போனதும் ஒரு தைலப் புட்டி வாங்கி அனுப்பியிருக்கிறார். நீ இத்தனை வருஷத்தில் ஒரு புட்டி அனுப்பினாயா?

பக்கத்து வீட்டுத் தையல்காரி அத்தானின் சட்டைகளைக் கேட்டாள், பிரித்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பை தைக்கலாம் என்றாள். எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது தெருவில் நாலு பிள்ளைகள் அவர் சட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். பார்க்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லையே என்றுதான் கவலையாக இருக்கிறது.

ஊரில் எல்லோரும் குழாய் எப்போது வரும் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். இந்த வருஷம் வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. மேற்குக் கிணற்று மோட்டார் மதியத்துக்கு மேல் காற்றைத்தான் இழுக்கிறது. எப்போது வரும் என்று ஒரு வரி எழுது, அவர்களிடம் படித்துக் காட்ட வேண்டும்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும்.

வரைவு தயாராகிவிட்டது. நிதானமாகப் படி. ஊர்களை மூன்று பட்டியலாகப் பிரித்திருக்கிறோம். முதல் பட்டியலுக்குப் பத்து வருஷத்துக்குள் குழாய். இரண்டாவதற்கு அதன் பிறகு. மூன்றாவது, சொந்தத் தண்ணீரே போதும் என்கிற ஊர்கள். அவற்றுக்குக் குழாய் கிடையாது. இருபத்தைந்து வருஷம் கழித்து மறுபடி பார்ப்பார்கள்.

உங்கள் ஊர் மூன்றில் இருக்கிறது.

அது மட்டுமில்லை. உங்கள் கிணறுகள் திடமானவை என்பதால், பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் அங்கிருந்தே தண்ணீர் கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. ஒரு விதத்தில் ஊருக்குப் பெருமைதான். ஆனால் மேற்குக் கிணறு காற்றை இழுக்கிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வரைவைத் திறக்கவே பிடிக்கவில்லை. போன தடவை ஒன்று கேட்டிருந்தேன், நீ பதில் எழுதவில்லை. மோட்டாரை எப்போது நிறுத்தினாய்?

ஆட்சேபணை ஏதாவது இருந்தால் ஊர்ச் சார்பில் ஜூன் கடைசிக்குள் எழுத்தில் கொடுக்கலாம்.

உன் தம்பி

*

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைத் தொட்டி அடியில் வைத்து ஊர்க்காரர்களுக்குப் படித்துக் காட்டினேன். முதல் பட்டியல் என்று படித்ததும் முடிவெட்டுகிறவர் கை தட்டினார். மூன்று என்று வந்ததும் தட்டின கையை மடக்கிக்கொண்டார். தையல்காரி மட்டும், "நம்ம கிணத்துல அம்புட்டு தண்ணியா இருக்கு?" என்று கேட்டாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்போது ஒரு தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் திறக்கிறேன்.

உனக்கு ஏதோ எழுத வேண்டும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அக்கா

*

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே எல்லோரும் சுகமா? போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. அதில் பதில் சொல்வதற்கு ஒன்றும் இல்லைதான். இதில் இருக்கிறது.

மோட்டாரை முதல் நாள் சாயங்காலம் நிறுத்தவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

உன் ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் மூன்று கிணற்றையும் எட்டிப் பார்த்தேன். அடியில் கிடந்தது தண்ணீர். விருந்தாளி வரும்போது கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே வைப்போம் இல்லையா, அப்படித்தான் நினைத்தேன். தெருத் தெருவாகப் போய், "நம்ம தம்பி ஆளுங்க வர்றாங்க. கொஞ்சம் பொறுத்துக்குங்க, கிணறு ஊறட்டும்" என்றேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. டிரம்மில் பிடித்து வைத்தார்கள், லாரித் தண்ணீர் வாங்கினார்கள், துணி துவைக்காமல் இருந்தார்கள். தையல்காரி கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு எனக்காகக் கிணற்றுச் சுவரைத் தேய்த்துக் கழுவினாள். கிணறு மேலே மேலே வர, ஊரே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அத்தான் போன பிறகு அந்த வாரம்தான் எனக்குக் கொஞ்சம் பசித்தது.

மட்டக்காரர் நாடாவை இறக்கிவிட்டு, "எப்பம்மா மோட்டார நிறுத்துனீங்க?" என்று கேட்டார். "நேத்து சாயங்காலம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

தண்ணீர் நிறைய இருந்தால் நல்ல ஊர் என்று குழாயை முதலில் கொடுப்பார்கள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். இல்லாத ஊருக்குத்தான் முதலில் என்பதை நீ எழுதவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. நீ மானம் என்று விளையாட்டாக எழுதினாய். எனக்கு இப்போதெல்லாம் எது விளையாட்டு என்று பிடிபடுவதில்லை.

இதை எப்படியாவது சரி செய், ஆட்சேபணையில் என்ன எழுத வேண்டும் என்று சொல். இன்னும் நாள் இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? பதில் தாமதமாகிவிட்டது. இங்கே கூட்டத்துக்கு மேல் கூட்டம். குட்டியைப் பள்ளியில் சேர்க்கும் அலைச்சல் வேறு.

நீ எழுதியதைப் படித்தேன். நடந்தது நடந்துவிட்டது, அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. ஆட்சேபணை காலம் முடிந்துவிட்டதால் இப்போது ஒன்றும் செய்வதற்கில்லை. இருபத்தைந்து வருஷம் என்று எழுதியிருந்தாலும் நடுவில் ஆட்சி மாறும், விதி மாறும், எவ்வளவோ இருக்கிறது. கோடையில் லாரித் தண்ணீருக்குச் சொல்லி வைக்கப் பார்க்கிறேன்.

கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பெயர் வரும்போதெல்லாம் நான் குனிந்து கோப்பைப் பார்த்துக்கொள்கிறேன்.

தைலம் தீர்ந்திருந்தால் எழுது, இந்த முறை நான் அனுப்புகிறேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். குட்டி பள்ளிக்கூடம் போகிறானா? அழுகிறானா?

உன் கடிதம் ஜூலையில் வந்தது. ஜூன் கடைசி என்று நீதான் எழுதியிருந்தாய். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

மேற்குக் கிணறு வற்றிவிட்டது. வடக்கே நாலு வீடு பூட்டிக் கிடக்கிறது, சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போகிறபோது அதில் ஒரு வீட்டுக்காரி, "உங்க தம்பிகிட்ட சொல்லிப் பாத்தீங்களாக்கா?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருக்கலாம்.

போன வாரம் மட்டக்காரர் வந்தார். பக்கத்து ஊர்களுக்குக் குழாய் எங்கே பதிப்பது என்று பார்க்க வந்தவர், வற்றின கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் உண்மையைச் சொன்னேன், உன்னை விட்டுவிட்டு மற்றதை எல்லாம். அப்புறம், "ஒரு வழி இருக்கும்மா. திட்டத்துல கடைசிக் கையெழுத்து விழுற வரைக்கும், மோட்டார் பொறுப்புல இருக்கறவங்க தப்பாச் சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தா மறுபடி அளந்தே ஆகணும். ஆனா உங்க வேலை போயிடும். இந்த ரூமும் போயிடும்" என்றார்.

இந்த வழி உனக்குத் தெரியாமல் இருக்காது. எழுத மறந்திருப்பாய். எனக்காகத்தான் மறந்திருப்பாய் என்று நினைக்கிறேன். முழுக்க எனக்காகத்தானா என்று ஒரு நாள் யோசித்துக்கொண்டே வால்வைத் திறந்தேன், கடைத்தெருத் தண்ணீர் பள்ளிக்கூடத்தெருவுக்குப் போய்விட்டது. அதோடு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 21

அக்கா,

கையெழுத்துப் போடாதே. நான் சொல்வதைக் கேள். எழுதிக் கொடுத்தால் விசாரணை வைப்பார்கள். யார் தூண்டினார்கள் என்று கேட்பார்கள், துருவித் துருவிக் கேட்பார்கள். உனக்கு அதெல்லாம் தாங்காது. வேலையும் அறையும் போனால் எங்கே போவாய்? இங்கே வந்துவிடு. குட்டியின் அறையில் இடம் இருக்கிறது. ஊருக்காக நீ ஒருத்தி ஏன் சாக வேண்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

தம்பி

*

செப்டம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வரும்போது எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கையெழுத்து கோணல் மாணலாக இருந்ததே. நேரத்துக்குச் சாப்பிடு.

விசாரணைக்கு ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார், தண்ணீர்கூடக் கொடுத்தார். ஒரு வாரம் முன்பே நிறுத்தினேன், முதல் நாள் என்று பொய் சொன்னேன் என்றேன். "யாராவது சொல்லிச் செஞ்சீங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, ஊருக்குப் பெருமையா இருக்கட்டும்னு நானாத்தான் செஞ்சேன்" என்றேன். ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே, "திட்ட ஆபீஸ்ல உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். "கூடப் பிறந்தவங்க?" என்றார்.

உண்டு என்றால் உன் வேலை போகும். அது மட்டுமென்றால் உண்டு என்று சொல்லியிருப்பேனோ என்னவோ, உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. ஆனால் தம்பிக்காரன் சொல்லித்தான் அக்கா மாற்றிப் பேசுகிறாள் என்று மறு அளவையும் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். ஊர் மறுபடி மூன்றிலேயே கிடந்திருக்கும். அதனால், "யாரும் இல்லைங்க, நான் ஒருத்திதான்" என்றேன். அதை அப்படியே எழுதி, கீழே என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள்.

அப்போது ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன். அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். அத்தான் போனபோது வராத அழுகை. பக்கத்தில் நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். உனக்காகவா அவருக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மட்டக்காரரோடு இன்னும் இரண்டு பேர் வந்து அளந்தார்கள். இந்த முறை மோட்டார் அறையைப் பூட்டி அவர்களே சாவியை வைத்துக்கொண்டார்கள். காலையில் நாடா இறங்கிக்கொண்டே போனது. ஊர் முதல் பட்டியலுக்கு மாறிவிடும் என்கிறார்கள். பக்கத்து ஊர்களுக்கு நம் கிணற்றிலிருந்து தண்ணீர் என்பதும் கிடையாதாம். பத்து வருஷம் பெரிய விஷயமில்லை, லாரியை வைத்து ஓட்டிவிடலாம் என்று முடிவெட்டுகிறவர் சொல்கிறார். பூட்டின வீட்டுக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

அறையைக் காலி செய்துவிட்டேன். தையல்காரி வீட்டில் இருக்கிறேன், பட்டன் கட்டிக் கொடுக்கிறேன். புதிதாக வால்வு திறக்க ஒரு ஆள் வந்திருக்கிறான், நேரம் காலம் பார்ப்பதில்லை. மற்றவர்களோடு நானும் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

கடைசிக் கையெழுத்து விழ இரண்டு வருஷமும் ஆகலாம் என்றார் மட்டக்காரர். அதுவரை நீ எனக்குக் கடிதம் போடாதே. போனும் வேண்டாம். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்து தபால்கார ரேடியோ நாலு பேரிடம் சொல்வார், அது உன் ஆபீஸுக்குப் போய்ச் சேரும். நீ வரவும் வேண்டாம். நான் செத்தாலும் வராதே என்றுதான் தையல்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சாக மாட்டேன், முழங்காலைத் தவிர எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. குட்டி கேட்டால், அத்தை வேலையாக இருக்கிறாள் என்று சொல்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அங்கே இல்லை என்று எழுதிக் கொடுத்ததை இங்கே ஒரு தடவை எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் கூடப் பிறந்த
அக்கா